யானையா, காளையா?

தாராசுரம் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. தோழர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். ஒரு யானை, ஒரு காளை, இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றே ஒன்று. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், காளை நிற்கும். மறுபக்கத்து உடலை மறைத்துவிட்டுப் பாருங்கள், யானை நிற்கும். கல் ஒன்றுதான். தலை ஒன்றுதான். மறைக்கிற கைதான் வேறு!

இரண்டாம் இராசராசன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் அது. 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. "கட்சிக்காரர்களுக்குக் கோயிலில் என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறோம்: நாம் அங்கே அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போகவில்லை. பெயர் தெரியாத ஓர் உழைப்பாளி, ஒரு கல்தச்சன், 850 ஆண்டுகளுக்கு முன்னே கல்லில் வைத்துவிட்டுப் போன பாடத்தைப் படிக்கப் போனோம்.

அந்தப் பாடம் இன்று யாருக்கு வேண்டும்? நம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? கோயிலிலிருந்து வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது நாம் கண்டதைச் சொல்கிறோம், கேளுங்கள்.

நெசவாளி கற்றுக்கொடுத்த சோதனை

தாராசுரம் இன்று குடந்தை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆனால் தறிச் சத்தம் அந்த ஊரைவிட்டு இன்னும் போய்விடவில்லை. பட்டு நெசவு செய்து முதுகு வளைந்த பெரியவர் ஒருவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பேரன், பன்னிரண்டு வயதிருக்கும். கையில் அப்பாவின் கைபேசி. திடீரென்று பையன் கத்தினான்.

"தாத்தா, நம்ம பக்கம் புள்ள புடிக்கிறவங்க வந்திருக்காங்களாம்! வடநாட்டு ஆளுங்களாம்! படம் போட்டிருக்கு பாருங்க!"

கடையில் இருந்தவர்கள் தலை திருப்பினார்கள். ஒருவர் அதற்குள், "அந்தப் பயலுகளை..." என்று தொடங்கிவிட்டார். பெரியவர் அசையவில்லை.

"எந்த ஊருல புடிச்சாங்களாம்?"

"அது போடல தாத்தா."

"என்னைக்காம்?"

"அதுவும் போடல. ஆனா படம் இருக்கே!"

"படம் இருக்குடா. பட்டுன்னு ஏமாத்தி விக்கிறவன் சேலையிலயும் பளபளப்பு இருக்கு. ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாக்காம நான் அதைப் பட்டுன்னு ஒத்துக்குவேனா? முடி கருகுற நாத்தம் வந்து, சாம்பல் பொடிஞ்சாத்தான் பட்டு. உருண்டு திரண்டு ஒட்டிக்கிட்டா வேற சரக்கு. நீயும் ஒரு இழையை உருவிப் பாரு."

பையன் படத்தை உற்றுப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான். "தாத்தா, இதுல இருக்கிறவங்க எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருக்காங்க. நம்ம ஊருல யாரு தாத்தா கம்பளிச் சட்டை போடுறா?"

கடை முழுதும் சிரித்தது. 'அந்தப் பயலுகளை' என்று தொடங்கியவரும் சிரித்தார். அன்று ஒரு வதந்தி, ஒரு குவளை தேநீர் ஆறுவதற்குள் செத்தது. எந்தக் கல்லூரியும் அதைக் கொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாத ஒரு தறிக்காரரும், கேட்கத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளையும் கொன்றார்கள்.

உயிரைக் குடித்த செய்தி

எல்லா ஊர்க் கடையிலும் அப்படி ஒரு பெரியவர் இருப்பாரா? இருந்ததில்லையே, தோழர்களே!

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் ஊர் ஊராகச் செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த ஒரு மூதாட்டி, தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்களா? இல்லை. நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர்கள். ஒரு பொய்யைக் கேள்வி கேட்காமல் விழுங்கியவர்கள். அந்த ஆண்டு நாடெங்கும் இப்படி நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று படங்கள் பரவின. எங்கோ, எப்போதோ, யாருக்கிடையிலோ நடந்த சண்டைகளின் படங்கள்! ஆலைகளில் வேலை செய்த வடநாட்டுத் தொழிலாளர் அஞ்சி நடுங்கினர். பலர் மூட்டை கட்டினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. பரப்பப்பட்டது பொய் என்று தெரிந்தது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2018-இல் வந்த பொய், 'வடநாட்டுத் தொழிலாளி உன் பிள்ளையைத் திருடுகிறான்' என்று தமிழனிடம் சொன்னது. 2023-இல் வந்த பொய், 'தமிழ்த் தொழிலாளி உன் கழுத்தை வெட்டுகிறான்' என்று வடநாட்டானிடம் சொன்னது. முன்னது யானை, பின்னது காளை. இரண்டுக்கும் தலை ஒன்று! உழைப்பவனை உழைப்பவனோடு மோத விடுகிற தலை! இன்று நம் தஞ்சை வயல்களிலே வங்கத்திலிருந்து வந்து நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் இப்படி ஒரு பொய் விழுந்தால், கூலி கேட்டுச் சேர்ந்து நிற்க வேண்டிய கைகள் ஒன்றையொன்று ஓங்கும். லாபம் யாருக்கு? சொல்லத் தேவையில்லை.

அச்சும் மறைக்கும்

"எல்லாம் இந்தக் கைபேசியால் வந்த கேடு! அந்தக் காலத்தில் ஏடுகள் உண்மையை எழுதின" என்று பெருமூச்சு விடுகிறார்கள் சிலர். அப்படியா? தஞ்சை மாவட்டத்துக்காரனிடம் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள்!

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். பிறகு வந்த ஏடுகள் சிலவற்றில் அது எப்படி வந்தது தெரியுமா? விவசாயிகளுக்குள் மூண்ட மோதல் என்று! எரித்தவனும் விவசாயி, எரிந்தவனும் விவசாயி. இடையிலே ஏதோ தகராறு! ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு பக்கத்து உடலை முழுதும் மறைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியில் பொய்யான எண் இல்லாதிருக்கலாம். ஊர்ப் பெயர் சரியாக இருக்கலாம். ஆனால் நிலம் யாருடையது, கூலி யார் கேட்டது, தீ யார் வைத்தது என்ற மூன்றையும் 'மோதல்' என்ற ஒரு சொல் தின்றுவிட்டது. கைபேசி இல்லாத காலம் அது, தோழர்களே!

வெளிநாட்டுப் பேரேடுகள் மட்டும் உயர்ந்தவையா? 2003-இல் இராக் நாட்டின் மீது அமெரிக்கா படையெடுத்தது. பேரழிவு ஆயுதங்கள் அங்கே குவிந்துகிடக்கின்றன என்றார்கள். அமெரிக்காவின் பெரிய ஏடுகள் அதை ஓதின. நாட்டையே புரட்டிப் பார்த்தும் அந்த ஆயுதங்கள் கிடைக்கவில்லை. 2004 மே மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு, தன் செய்திகளை இன்னும் கண்டிப்பாகச் சோதித்திருக்க வேண்டும் என்று தானே எழுதியது. ஒப்புக்கொண்டது நல்லதுதான். செத்தவர்கள் திரும்பி வந்தார்களா?

இங்கே நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. நம் தோழர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அப்படி நிறுத்தினால் நாமும் பாதி உடலை மறைத்தவர்கள் ஆவோம். எனவே இதையும் சொல்கிறோம். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. தொலைவிலிருந்த சுவீடன் நாட்டு அணுமின் நிலையத்தில் எச்சரிக்கை மணி அடித்த பிறகு, 28-ஆம் தேதி இரவுதான் சோவியத் தொலைக்காட்சி நான்கைந்து வரியில் செய்தி சொன்னது. மே முதல் நாள் கீவ் நகரில் மே தினப் பேரணி நடந்தது. காற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தொழிலாளர்கள் பிள்ளைகளோடு அதில் நடந்தார்கள். செங்கொடி பறந்த நாடுதான். ஆயினும் அங்கே மறைத்த கையால் நோய்ப்பட்டவன் தொழிலாளிதான்! நம்முடைய கை என்பதால் மறைத்த கை நல்ல கை ஆகிவிடாது.

யார் கற்பிப்பது?

"அப்படியானால் எது உண்மை, எது பொய் என்று அரசாங்கமே முத்திரை குத்திவிடட்டுமே!" என்கிறார்கள் வேறு சிலர். ஒன்றிய அரசு 2023-இல் அதற்குத்தான் வழி தேடியது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே அமைக்கும் குழு முடிவு செய்யும் என்று விதி கொண்டுவந்தது. நோயாளியே மருத்துவச் சான்றிதழ் எழுதிக்கொள்ளுகிற ஏற்பாடு! 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தள்ளியது.

முத்திரை வேண்டாம், கண் வேண்டும். அந்தக் கண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே திறக்க முடியும். பக்கத்துக் கேரளத்தில் செய்து காட்டினார்கள். தடுப்பூசி போட்டால் பிள்ளைகளுக்குக் கேடு என்ற புரளி பரவி, பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கிய கண்ணூர் மாவட்டத்தில், 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனங்காணப் பாடம் நடத்தினார்கள். 2022-இல், இடது முன்னணி ஆட்சியில், அது மாநிலம் முழுவதும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் பிள்ளைகளுக்காக 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற இதழ்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். படிக்கக் கொடுத்தாயிற்று, கேட்கக் கற்றுக் கொடுக்க வேண்டாமா?

கேட்கக் கற்றுக்கொள்ள ஒரே வழி, எழுதிப் பார்ப்பது. சமைத்துப் பார்த்தவனுக்குத்தான் குழம்பில் என்ன குறை என்று தெரியும். பிரான்சு நாட்டில் செலெஸ்தேன் பிரெனே என்று ஒரு கிராமத்து ஆசிரியர் இருந்தார், பொதுவுடைமையாளர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுபட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச அவருக்கு மூச்சு இல்லை. 1924-இல் ஒரு சிறிய அச்சுப்பொறி வாங்கி வகுப்பில் வைத்தார். உழவர்கள், தொழிலாளர்களின் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதினார்கள், தாங்களே எழுத்துக் கோத்தார்கள், தாங்களே அச்சடித்தார்கள். பிறகு அந்தத் தாள்களைத் தொலைவிலிருந்த இன்னொரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்ததைப் படித்தார்கள். தான் எழுதிய வரியை இன்னொரு ஊர்ப் பிள்ளை படித்துவிட்டு 'இது எப்படி உனக்குத் தெரியும்?' என்று கேட்பான் என்றால், எழுதுகிறவன் பொய் எழுதத் தயங்குவான் அல்லவா?

பிரான்சுக்கு ஏன் போக வேண்டும்? நம் காவிரிக் கரை செய்தித்தாளின் நாற்றங்கால் ஆயிற்றே! 1878-இல் 'இந்து' ஏட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 1882-இல் 'சுதேசமித்திரன்' கண்டவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்தபோது மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்று கையெழுத்து ஏடு நடத்தினார். 1942-இல் 'முரசொலி' பிறந்தது. அவருக்கும் நமக்கும் கருத்து மாறுபாடு நிறைய உண்டு. ஆனால் கையால் எழுதிய ஒரு தாள் ஒரு சிறுவனை எவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று என்பதை யார் மறுக்க முடியும்? அதே திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணி, அங்கே 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஏட்டை வளர்த்தார். 1950-களில் அந்த ஏட்டில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கி எழுதப் பழக்கினார். அதே ஆண்டுகளில், குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர்களை வற்புறுத்தினார். ஒரு கையால் பிள்ளைக்கு எழுதுகோல். மறு கையால் பெற்றவனுக்குக் குடியுரிமை! இரண்டும் ஒரே வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நொய்யரிசி சொல்லும் உலகம்

உலகக் குடிமகன் என்று பெரிய பெரிய மேடைகளில் பேசுகிறார்கள். கணியன் பூங்குன்றனாரைச் சுவரில் எழுதி வைத்துவிட்டால் பிள்ளை உலகக் குடிமகன் ஆகிவிடுவானா? நாம் அதை நொய்யரிசியிலிருந்து தொடங்குகிறோம்.

நெல் குத்தும்போது உடைவது நொய். நம் வீட்டில் கஞ்சிக்கு, கோழிக்கு. 2022 செப்டம்பரில் இந்திய அரசு நொய்யரிசியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று தடை போட்டது. இங்கே ஏட்டில் அது ஒரு மூலைச் செய்தி. ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அங்கே உழைக்கும் மக்களின் அன்றாடச் சோறே நொய்யரிசி. அங்கே அது மூலைச் செய்தியா? அடுப்படிச் செய்தி! 2025 மார்ச்சில் தடை நீங்கியது. நம் களத்தில் உடைந்த அரிசிக்கும் அங்கே ஒரு தாயின் உலைக்கும் உறவு இருக்கிறது என்று நம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? 'உள்நாட்டில் விலை ஏறாமலிருக்கத் தடை வேண்டும்' என்பவன் ஒரு பக்கம். 'என் நெல்லுக்கு விலை விழுகிறதே' என்னும் உழவன் ஒரு பக்கம். 'என் சோறு போயிற்றே' என்னும் செனகல் தொழிலாளி மூன்றாவது பக்கம். மூன்று பேரையும் கேட்கத் தெரிந்த பிள்ளைதான் உலகக் குடிமகன். தாராசுரத்துத் தறிக்காரர் பிள்ளைக்கும் இது பொருந்தும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சீனத்திலிருந்தும் இந்தியாவுக்கு வருகிறது. உலகம் அவன் வீட்டுத் தறியிலேயே பாவாக ஓடுகிறது!

படிப்பகத்தில் ஒரு மணி நேரம்

எனவே தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. எழுத்தறியாத உழவனும் அப்படித்தான் உலகச் செய்தி அறிந்தான். அந்தப் படிப்பகங்கள் பலவற்றில் இன்று பூட்டு தொங்குகிறது. பூட்டைத் திறங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஒரே செய்தியைத் தாங்கிய மூன்று ஏடுகளை அவர்கள் முன் விரியுங்கள். ஒன்று நமக்கு வேண்டாத ஏடாக இருக்கட்டும். ஒன்று நம் ஏடாக இருக்கட்டும். ஐந்து கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள்:

யார் சொன்னது?
அவர் நேரில் கண்டவரா, கேட்டுச் சொன்னவரா?
எங்கே, எப்போது நடந்தது?
இதில் யாருடைய குரல் இல்லை?
இதை நான் நம்பினால் யாருக்கு லாபம்?

அடுத்த ஞாயிறு ஒரு முழுத் தாளைக் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். காய்கறிச் சந்தைக்குப் போய் இன்றைய தக்காளி எந்த ஊரிலிருந்து வந்தது, விளைவித்தவன் என்ன விலைக்குக் கொடுத்தான், நம் வீட்டுக்கு என்ன விலைக்கு வந்தது என்று கேட்டு எழுதட்டும். நாற்று நட வந்த வங்கத் தொழிலாளியிடம், அவர் பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்று கேட்டு எழுதட்டும். தாராசுரம் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியவர்கள், இது இன்னாருடைய கதை என்று எழுத்தும் பொறித்து வைத்தார்கள். பக்தி இருக்கட்டும், ஒழுங்கைப் பாருங்கள்! படம் போட்டால் பெயர் போடு, ஊர் போடு, நாள் போடு. நம் பிள்ளைகளின் கையெழுத்து ஏட்டுக்கு அதுவே முதல் விதி.

"சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு அரசியல்?" என்று யாராவது கேட்பார்கள். கைபேசி வழியாக வெறுப்பு அரசியல் அந்தப் பிள்ளையின் தலையணைக்கே வந்துவிட்டதே, அப்போது இவர்கள் எங்கே போனார்கள்? விஷம் வாசலுக்கு வந்த பிறகு மருந்துக்கு வயது பார்ப்பதா?

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வரும்: "கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளைகள் நாளைக்கு நம் ஏட்டையே கேள்வி கேட்பார்களே?" கேட்கட்டும்! இந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்கட்டும். உண்மை நம் பக்கம் இருந்தால் கேள்வி நம்மை என்ன செய்யும்? இல்லையென்றால், அதை முதலில் சொல்பவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருப்பது நல்லதல்லவா?

தேநீர்க் கடையிலிருந்து புறப்படும்போது அந்தப் பையனிடம், கோயிலில் இருப்பது யானையா, காளையா என்று கேட்டோம். நம்மை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க எந்தப் பக்கத்தை மறைச்சுப் பாத்தீங்க?" என்று திருப்பிக் கேட்டான்.

அந்தக் கேள்வியை ஊர்தோறும் விதையுங்கள், தோழர்களே!